மிஸி வராத செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமைகளில் யோகம் மிஸி என் மகளுக்கு ஊசி போட எங்கள் வீட்டுக்கு வருவார் என்பதால், அன்று மட்டும் நெல்லியடியில் கடையைப் பிந்தித்தான் திறப்பேன். அந்தச் செவ்வாய் காலை அவருடைய தம்பி போன் எடுத்தார். "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். டெங்கு. வெள்ளிக்கிழமைதான் காய்ச்சல் என்று படுத்தவர். அறைக்குள் என் மகள் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவருக்காகக் கட்டிலில் காத்திருந்தாள். மிஸி இன்றைக்கு வரமாட்டா என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலர் முழங்கால் வலிக்கும் தலையிடிக்கும் அவரிடம் அக்குபங்சர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆஸ்பத்திரியில் தாதி மிஸியாக வேலை பார்த்து, பென்சனில் இளைப்பாறிய பிறகு அதைப் படித்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் எழுத வந்தது என் மகளின் கதையை. பத்தொன்பது வயது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, எழும்பி நின்றால் தலை சுற்றும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். படுத்திருக்கும்போது எழுபது அடிக்கிற நாடி, நின்றவுடன் நூற்றிமுப்பதுக்குப் போகும். பெரிய டொக்டர் குளிசை தந்தார். உப்பும் தண்ணீரும் கூடச் சேர்க்கச் சொன்னார். ஊசியும் துணைக்குச் செய்து பாருங்கள், தடையில்லை என்றார்.

நான் சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்றுத் தொடங்கி, இன்றைக்குத் தண்ணீர்ப் பம்பு விற்கிறவன். எதற்கும் காரண்டி கேட்டுப் பழகிய வாய். முதல் நாளே, எத்தனை தரம் குத்தினால் சுகம் வரும் என்று கேட்டேன். மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பம்பு விக்க வரேல்லை அண்ணை. பிள்ளை நிமிர்ந்தவுடனை ரத்தம் காலிலை தங்கீடுது. அதை மேலை ஏத்த இருதயம் விழுந்தடிச்சு ஓடுது. மோட்டரிலை பிழையில்லை. ஊசி ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். குளிசையை நிப்பாட்டினியள் எண்டால் நான் இந்த வாசல் படலையைத் தாண்டமாட்டன்."

மணிக்கட்டுக்கு மேலே இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. ஊசிகளைக் கழற்றிய பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். மகளை மெல்ல இருத்துவார், பிறகு நிறுத்துவார். மூன்று விரலை நாடியில் வைத்துக்கொண்டு கோயில் கதை, ஊர்க் கதை, தன் தம்பியின் கஞ்சத்தனம் எல்லாம் கதைப்பார். நான் பாய்ந்து தாங்கப் போனால், "நீங்கள் தள்ளி நில்லுங்கோ, விழுறதெண்டால் என்னிலை விழட்டும்" என்பார். ஒரு நிமிடம் நிற்க முடியாதவள், ஊசி தொடங்கி ஐந்தாம் மாதம் குசினியில் நின்று தேத்தண்ணீர் ஊற்றினாள்.

அந்தச் சந்தோசத்தில்தான் பிழை விட்டோம். கந்தசஷ்டி வந்தது. பிள்ளை சுகப்பட நேர்த்தி வைத்திருந்தோம். அவளும் விரதத்தைத் தானே பிடிக்கிறேன் என்றாள். உப்பில்லை. பகலில் தண்ணீரும் இல்லை. விரதம் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள் என்று நான் கடையில் பெருமையடித்தேன். நாலாம் நாள் கிணற்றடியில் விழுந்துவிட்டாள்.

மிஸி வந்து நாடியைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "முருகன் உங்களிட்டை வந்து உப்பு வேண்டாமெண்டு சொன்னவரோ?" மகள் கண்ணை மூடிக்கொண்டு, விரதத்தை முறிக்கமாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடந்தாள். மிஸி எழும்பினார். குசினிக்குப் போய்த் தேசிக்காய் பிழிந்து, உப்புப் போட்டுக் கரைத்து, பாதியைத் தானே குடித்தார். வருசம் தவறாமல் சஷ்டி பிடிக்கிறவர், அன்றும் விரதம். மிச்சத்தை அவளிடம் நீட்டினார். "நான் முறிச்சிட்டன். பாவமெண்டால் ஆளுக்குப் பாதி. குடி பிள்ளை." அவள் குடித்தாள்.

பிறகொரு நாள், உண்மையில் எது வேலை செய்கிறது என்று கேட்டேன். "ஊசியோ, உப்புத் தண்ணியோ, குளிசையோ, நான் பக்கத்திலை நிண்டு அலட்டுறதோ, எனக்கே தெரியாது அண்ணை" என்றார். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எது ஓடுகிறது என்று தெரிந்தால்தானே வியாபாரி அதே சரக்கை மறுபடி தேடிப் போகலாம்? உரும்பிராயில் ஊசி போடுகிற இன்னொருவர் இருக்கிறாராம். கூட்டிப் போகலாம். எதைத் தேடிப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

விசயம் தெரிந்து, மிஸியின் செத்த வீட்டுக்கு மகளும் வந்தாள். வான் வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தாள். இறங்கினால் சனத்துக்குள் விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் நான் கதவைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

போன செவ்வாய் அவள் என் கையை இழுத்து, மூன்று விரலைத் தன் மணிக்கட்டில் வைத்தாள். "எண்ணுங்கோ அப்பா, எழும்பப் போறன்" என்றாள். எழும்பினாள். எண்ணினேன். நூற்றிருபதைத் தாண்டியது. மிஸி என்றால் அந்த நேரம் ஏதாவது கதை தொடங்கியிருப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, விரல் வைக்க வேண்டிய இடம் மட்டும்தான். வைத்துக்கொண்டு நிற்கிறேன். மகள் என் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள்.