ஆட்டோ இல்லை என்று சொன்ன ஞாயிறு

பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். சபை விஷயத்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தகுதியும் இல்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லுத்தரன் சபையில் பெண்களுக்கும் குருப்பட்டம் வேண்டும் என்று சில பெண்கள் பேராயரிடம் கேட்கப் போனபோது நானும் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். பிறகு ஒரு பெண் போதகர் எங்களுக்கே வந்தார். அவர் முதல்முதலாக அப்பமும் திராட்சரசமும் பரிமாறித் திருவிருந்து கொடுக்கவேண்டிய ஞாயிறு பவுர்ணமியாக அமைந்துவிட்டது.

முந்தின நாள் ஓரகத்தி போன் செய்தாள். "பொம்பள கையால திருவிருந்து வாங்க நம்ம சொந்தத்துல யாரும் நாளைக்குப் போகல. ஆள் வரலன்னா சபைக் கமிட்டி பழைய போதகர் ஐயரையே கூப்பிட்டுக்கும். நீ ஒருத்தி மட்டும் போய் முட்டி போட்டா, எல்லார் கண்ணுக்கும் பளிச்சுனு தெரியும், பாத்துக்கோ."

எல்லோரும் பார்க்க நிற்பதென்றாலே எனக்கு உடம்பு கூசும். வீடு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில், சர்ச் திருவண்ணாமலை டவுனில். காலையில் போதகருக்குப் போன் போட்டு, "கிரிவலக் கூட்டம் ஜாஸ்திங்க, ஒரு ஆட்டோகூட விடல" என்றேன். அதைச் சொல்லும்போதே தெருமுனையில் ஆட்டோக்காரர் சவாரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். போதகர்தான். முகமெல்லாம் வேர்வை, கையில் துணிப்பை.

"வண்டி இல்லன்னீங்களே அக்கா, மலை சுத்துறவங்களோட நானும் நடந்துட்டேன். நல்லவேளை அங்கிய பையில வச்சேன். போட்டுட்டு வந்திருந்தா சாமியாரம்மான்னு நாலு பேரு கால்ல விழுந்திருப்பாங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்ச்சுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன்.

"கம்மிதான். பவுர்ணமி இல்லயா" என்றார்.

அங்கியைப் போட்டுக்கொண்டார். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டியைத் திறந்து, டீப்பாய்மேல் அப்பமும் திராட்சரசமும் எடுத்துவைத்தார். பாவ அறிக்கையை இருவரும் சேர்ந்து சொன்னோம். வாயால் செய்த பாவம் என்று வரும் இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவர் கண்ணை மூடியிருந்தார். நான் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன்.

அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வீட்டில் வேறு யாருமில்லை. யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் தலை குனிகிறது.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாட்டி சர்ச்சுக்கே வந்துடுங்க அக்கா" என்றார். வருகிறேன் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி கூடியது. திருவிருந்துக்கு ஆள் சேரவில்லை என்று சொல்லி, அடுத்த மாதத்துக்குப் பழைய ஐயரைக் கூப்பிட்டார்கள்.