கூரை வழியே ஒரு வேம்பு

1. மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே வீடுகளைக் கட்டிய குடியிருப்பு ஒன்றைப் பார்க்கப் புதுச்சத்திரம் பக்கம் வந்திருக்கிறேன்.
2. மூன்றாவது வீட்டின் முன்கூரையில் விட்ட வட்டத் துளை வழியாக ஒரு வேம்பு மேலே போகிறது.
3. அதன் கிளையில் கயிறு கட்டி, இரண்டு பேர் வெட்டத் தயாராக நிற்கிறார்கள்.

நான் கட்டடப் பொறியாளர் என்றதும் வீட்டுக்காரம்மா சரசு என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "கூரை வெடிச்சிருக்குதுன்னு இவரு மரத்தையே சாய்க்கப் பாக்கறாருங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்க சாமி."

"மரந்தான் தள்ளுது. இதச் சொல்லப் படிச்சவங்க வேற வேணுமா?" என்கிறார் லாரி வைத்திருக்கும் அவர் கணவர்.

ஏணியில் ஏறுகிறேன். மழை ஒழுகாமலிருக்க மரத்துக்கும் கூரைக்கும் நடுவே பழைய லாரி டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறார்கள். அதை விலக்கியதும் என் விரல் மரத்தைச் சுற்றித் தடையில்லாமல் போய்வருகிறது. மரம் கூரையைத் தொடவே இல்லை. விரிசல் இருப்பது எதிர் மூலையில், நிறைந்த தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.

"இந்தத் தொட்டிய எப்ப வெச்சீங்க?"

"போன மாசந்தானுங்க." கணவரின் குரல் இறங்குகிறது.

"ஏனுங்க, அப்ப தொட்டியச் சாய்க்கறதுக்கும் இதே ஆளுங்க போதுங்களா?" என்று சரசு கேட்க, வெட்ட வந்தவர்களே சிரித்துவிடுகிறார்கள். கயிறு அவிழ்கிறது.

இப்போது தொட்டி காலியாகி வாசலில் இருக்கிறது. கூரைக்கு அடியில் இரண்டு முட்டுக் கொடுத்திருக்கிறோம். நாளை கொத்தனார் வருகிறார். வேம்பை யாரும் வெட்டப்போவதில்லை.