எந்த எண்ணுக்கும் பொருந்திய கணக்கு

நான் பலகையில் கணக்கு எழுதினால் சுவர்கூடக் கைகட்டிக் கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் என் ஓரகத்தி அந்தப் பள்ளிக்கு வரும்வரை அங்கே கணக்கு டீச்சர் என்றால் நான்தான்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பலகையைக் கையாலேயே அழிப்பாள். முழங்கை வரை சாக்பீஸ் தூள். விடைத்தாளில் தப்பைச் சுழிக்கமாட்டாள். பக்கத்தில் ‘இது எப்படி வந்தது?’ என்று எழுதுவாள். இடைவேளையில் என் மேசையைத் தாண்டித்தான் பிள்ளைகள் அவள் மேசைக்குப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எங்களில் யாருக்கு என்று கேள்வி வந்தது. பத்து வருஷமாக நான் வைத்திருந்த வகுப்பு. ஆளுக்கொரு பாடம் நடத்துங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் தலைமையாசிரியை.

முதலில் நான். பழுதில்லாமல் முடித்துக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அடுத்து அவள் எழுதினாள்: (x + 3)² = x² + 6x + 9.

“x என்னன்னு கண்டுபிடிங்க” என்றாள்.

எரிந்த வயிற்றில் பால் வார்த்தது. அது முற்றொருமை. சாதாரணச் சமன்பாடு ஏதோ ஓரிரு எண்ணுக்குத்தான் பொருந்தும். முற்றொருமையில் எந்த எண்ணைப் போட்டாலும் இருபக்கமும் சமம். அதில் x-ஐத் தேடுவது, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதே வீட்டுக்கு வழி கேட்பது மாதிரி. ஒரு சைகை காட்டியிருக்கலாம். காட்டவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி ஒன்று என்றாள். ஒருவன் ஐந்து என்றான்.

“போடா, நூறு போட்டாலும் சரியா வருது.”

வகுப்பு சந்தைக்கடையானது. அவள் எல்லா விடையையும் நிதானமாகப் பலகையில் எழுதினாள்.

“தப்பா வர்ற எண் ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க, பார்ப்போம்” என்றாள்.

பின்னம், குறை எண் என்று அலசினார்கள், அகப்படவில்லை. பிறகு 6x + 9-ஐ அழித்து 5x + 12 என்று மாற்றினாள். இப்போது மூன்று மட்டும்தான் பொருந்தியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

பத்தாம் வகுப்பு அவளுக்குப் போனது. இப்படி ஒரு யுக்தி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று முப்பது வருஷமாகப் புகைகிறேன்.

இதுவரை எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“யுக்தியாவது ஒண்ணாவது. 5x + 12-ன்னுதான் எழுத நினைச்சேன் அக்கா. கை பழக்கத்துல சூத்திரத்தையே எழுதிடுச்சு. எனக்குத் தெரியக்கூட இல்ல. நீங்க சிரிக்கிறதைப் பார்த்த அப்புறந்தான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.”