பல்வலிக்காரர்களின் வரிசை

எங்கள் துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பல் கிளினிக்கும் மனநல கிளினிக்கும் ஒரே விறாந்தையில் எதிரெதிரே இருக்கின்றன. அதனால் எங்கள் ஊரில் யாருக்கும் மனநோய் கிடையாது. எல்லோருக்கும் பல்தான் வலிக்கிறது.

செத்துவிடலாம் என்ற நினைப்பு மூன்று கிழமையாக விடாமல் வந்ததால், நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் வரிசையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் படிப்பாளி நான். 'மனநோய் வெட்கமல்ல' என்று பாலையூற்றுப் பாடசாலையில் ஒரு மணித்தியாலம் பேசியவன். அந்த அறிவுரை மற்றவர்களுக்குத்தானே.

நம்பர் கொடுக்கும் அம்மா வந்தார். உடைந்த மூக்குக்கண்ணாடியை மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் கட்டியிருந்தார். யாருடன் கதைத்தாலும் முதலில் அதைக் கழற்றிவிடுவார்.

"எந்தப் பல்லு தம்பி?"

"கடைவாய்ப் பல்லு."

"உங்கட பேச்சைக் கேட்டுத்தான் என்ர மகள் அந்த எதிர்க் கதவால போனவள். நீங்கள் இஞ்ச கடைவாயைக் காட்டுறீங்கள்."

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "செத்துப்போவம் எண்டு யோசிச்சனீங்களோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப காத்திருக்க ஏலாது. எழும்புங்கோ." பிறகு விறாந்தை முழுவதும் கேட்கச் சொன்னார்: "மனநல டொக்டர் எதிர்க் கதவு. வாறவை வாங்கோ."

எழுந்து போனேன். வரிசையில் இன்னும் இரண்டு பேர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என் பின்னால் வந்தார்கள். அம்மா போட்ட அந்தச் சத்தம் எனக்காகவா, அவர்களுக்காகவா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.