மாமா திறந்து வைத்த வீடு

எங்கள் வீட்டில் ஒரு தீபாவளியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அம்மா உடனே காபி போட எழுந்துவிடுவாள். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அத்தையும் மாமாவும் மலேசியாவிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்திருந்த தீபாவளி அது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனவள், பல வருஷம் கழித்து அப்போதுதான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் எங்களுக்கு ஒரே வேடிக்கை. காலையில் எதிர்ப்பட்டவரையெல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் நாங்கள் அந்த லாவைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் "சரிலா, போறேன்லா" என்று சொல்லி உதை வாங்கினோம்.

மாமாவுக்கு ஊர் சுற்றிக் காட்டியவர் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ அண்ணன். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் காலனியில் அவருக்கு வீடு. அவர் மகள் என் வகுப்புதான். ஆட்டோவில் தன் அப்பா பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து வருவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில், பால்கோவா, சேத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீடு என்று அலைந்ததில் மாமாவும் அண்ணனும் சிநேகிதமாகிவிட்டார்கள். மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் வருவார். அதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர் செருமுவார். அவருக்குச் சளி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் சாப்பிடும்போது மாமா அந்தப் பேச்சை எடுத்தார். "எங்க ஊர்ல தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைப்போம் மச்சான். வாசக்கதவத் தொறந்து வெச்சிட்டா யாரு வேணும்னாலும் வரலாம். மலாய்க்காரங்க வருவாங்க, சீனங்க வருவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுகூட சாப்பிட்டுட்டுப் போவாரு. மந்திரிங்களே வைப்பாங்கலா!" வருஷம் பூராவும் இனத்தைச் சொல்லி ஓட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள், அன்றைக்கு மட்டும் ஒருவர் தட்டில் ஒருவர் முறுக்கு எடுத்து வைத்துப் போட்டோ பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லி அவரே சிரித்தார்.

அப்பா வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போகிற நேரம். 'யாரு வேணும்னாலும்' என்பது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, 'போட்டோ' நன்றாகவே விழுந்தது. "வைங்க மாப்ள, ஜமாய்ச்சிருவோம்" என்றார். அத்தை மட்டும் தலை நிமிராமல் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் இந்தத் தெருவில் பிறந்தவள்தானே. புருஷனிடம் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தான் போன பிறகு ஊர் கொஞ்சமாவது மாறியிருக்கும் என்று ஆசைப்பட்டாளோ என்னவோ, பாவம்.

மாமா கறிக்கடை பாயிடம் கோழி வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றித் தானே குழம்பு வைத்தார். ஆம்பளை கரண்டி பிடிப்பதைப் பார்க்கவே பாதித் தெரு வந்துபோனது. காகிதத் தட்டு கட்டுக் கட்டாக வாங்கிவந்தார். பன்றிக்கறி பட்ட தட்டோ என்று மலாய் நண்பர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக அங்கே புதுத் தட்டுதான் வைப்பார்களாம். "கூச்சப்படாம உள்ள வந்து உக்காந்து சாப்பிடணும்லா, அதுக்குத்தான்" என்றார்.

சாயங்காலம் வீடு நிறைந்தது. பாய் குடும்பத்தோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அப்பா வாசலில் நின்று கும்பிட்டுக் கும்பிட்டு எல்லோரையும் உள்ளே அனுப்பினார். அப்போது ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கினார். கூடவே அவர் மனைவி, பட்டுப்பாவாடையில் அவர் மகள். மாமா கூப்பிட்டிருக்கிறார். அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா சிரித்த முகம் மாறாமல், "வாப்பா, வாம்மா. உள்ள ஒரே புழுக்கமா கெடக்கு, இங்கன காத்தாட உக்காருங்க" என்று கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி போட்டார். அவரே காகிதத் தட்டில் சோறும் கறியும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு யாருக்கும் அப்பா தன் கையால் பரிமாறவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அவர்கள் நாலு வாய் தின்றிருக்க மாட்டார்கள். ஐப்பசி மழை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. மாமா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "தம்பி, உள்ள வாங்க! எடம் கெடக்கு, வாங்க!" அண்ணன் தட்டோடு எழுந்து படி வரைக்கும் வந்தார். வந்தவர் அப்பாவைப் பார்த்தார். கூடத்தில் எதிர்வீட்டுப் பெரியவரும் எச்சில் கையோடு எழுந்து நின்று அப்பாவையே பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"செத்த நேரத்துல விட்டுரும்" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "பரவால்ல சார், வண்டி இருக்குல்லா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறிப் படுதாவை இறக்கிவிட்டார். அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வார்த்த."

"நாளைக்கு இந்தத் தெருவுல நான் ஓட்டுக் கேக்கணுமா வேண்டாமாத்தா?" என்றார் அப்பா.

அத்தை கையை விட்டுவிட்டாள்.  மாமா தன் தட்டை எடுத்துக்கொண்டு மழையில் நடந்துபோய் அந்த ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டார். எனக்கு வந்ததே பொறாமை! மழை, ஆட்டோ, படுதா, கோழிக்குழம்பு! நானும் அங்கேதான் சாப்பிடுவேன் என்று தரையில் புரண்டு அழுதேன். "ஏட்டி, நனஞ்சா காய்ச்சல் வந்துரும், பேசாம உள்ள வா" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே அத்தையும் மாமாவும் கிளம்பிவிட்டார்கள். அப்பா தேர்தலில் ஜெயித்தார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா இறந்துபோனபோதுகூட போனில் அழுததோடு சரி. கடைசி நாட்களில் அப்பா வாசலில் உட்கார்ந்து, அவள் வருவாளா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. அவர்மேல் கோபமாகவும் இருக்கிறது.

அந்தத் தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ஆட்டோ வழக்கம்போல வந்தது. பிழைப்பாயிற்றே, வராமல் எப்படி? நான் முன்னால் எட்டிக் குனிந்து அண்ணன் மகளிடம் கேட்டேன். "ஏட்டி, மழைக்குள்ள ஆட்டோல உக்காந்து சாப்பிட்டது எம்புட்டு ஜாலியா இருந்துச்சு? எனக்கும் ஆசையா இருந்துச்சு. அழுதேன், தெரியுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "வந்திருக்கலாம்ல" என்றாள்.

"அம்மா விடல. நனஞ்சா காய்ச்சல் வருமாம்" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளும் நனைந்துகொண்டுதானே போனாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.