மனப்பாடக் கண்

அக்கா என்று நான் கூப்பிடுவது என் கணவருடைய அண்ணன் மனைவியை. தெருவுக்கே அவர் மெஷின் அக்கா. பள்ளிச் சீருடை தைப்பவர். அவர் தைத்துப் போட, நான் பட்டன் வைப்பேன். நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் வீட்டுக்குப் புதுத் தட்டு வந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு மட்டும் என்ன? அவர் மெஷின் சத்தம் கேட்டாலே வயிறு எரியும்.

இனி எல்லாருக்கும் வைத்தியம் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்த வருடம், தெருமுனைச் சுகாதார நிலையத்தில் கண் பார்த்தார்கள். சுவரில் ஓர் அட்டை. அதில் மூன்று பல் வைத்த சீப்பு போன்ற குறிகள். பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் இரண்டாவது வரியிலேயே திணறினேன். எனக்குப் பின்னால் நின்ற அக்கா கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டார்.

“எனக்கென்னடி, கழுகுக் கண்ணு!”

எனக்குக் கண்புரையாம். ஆபரேஷன், லென்ஸ், சொட்டு மருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்ட வண்டி எதற்கும் காலணா செலவில்லை. அக்கா பார்க்க வந்தார்.

“ஓசியில பண்ணது எத்தனை நாளைக்குத் தாங்கும்? இருக்கறதும் போயிடாம பாத்துக்க.”

பாவி மனுஷி! கண் கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அவர் தையலைத்தான். கோணல்மாணல். சட்டை வாங்க வந்த ஓர் அம்மா என் காதில், “இனிமே நீங்களே தச்சுக் குடுங்களேன்” என்றார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பழைய மெஷின் ஒன்றை விலை பேசிவிட்டும் வந்தேன்.

அந்த வாரம் அக்காவின் நகத்தில் ஊசி இறங்கிவிட்டது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கதவில் நசுங்கியது என்றார். சட்டைக் காலரில் ரத்தம் இருந்தது. அதையும் மடித்துப் பட்டன் வைக்க என்னிடமே கொடுத்தார். ரத்தம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குப் பகீரென்றது.

மறுபடியும் கண் பார்க்கப்போவதாக அறிவித்தார்கள். அன்று காலை குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா முணுமுணுத்தார்: “மேல, வலது, கீழ, கீழ, இடது...”

அடிப்பாவி! போன தடவை வரிசையில் முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். எல்லாம் என்னை ஜெயிக்க!

நான் முந்திப் போய் நர்ஸம்மாவிடம், “அந்த அட்டையத் தலைகீழா மாட்டுங்கம்மா” என்றேன்.

அக்கா வந்து உட்கார்ந்தார். நர்ஸம்மா குச்சியால் தொட்டார். “மேல, வலது, கீழ, கீழ, இடது.” ஒன்றுகூடச் சரியில்லை. அட்டை தலைகீழாக இருப்பதை நர்ஸம்மா சொன்னதும் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கத்தான் நானும் வந்திருந்தேன். முடியவில்லை.

“நீதான சொன்ன?” என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது.

“ஆமா, நான்தான். கண்ணு போனப்புறம் யார்கூடக்கா போட்டி போடுவேன்?”

அக்காவுக்கும் கண்புரைதான். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான் என்னோடு பேசினார், அதுவும் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி.

“உன்னோடத விட எனக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்குமாம். பெரிய டாக்டரே வந்து பண்ணாரு. உனக்கு அவரா பண்ணாரு?”

எனக்கு அவர் பண்ணவில்லை. வயிறு எரிந்தது.

உள்ளே போனவர் ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தார். பிறகு நான் பட்டன் வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மொத்தத்தையும் என் மடியில் போட்டார்.

“கண்ணு தெரிஞ்சா இதத் தச்ச? பிரிடி எல்லாத்தையும்!”