நைனாவின் வலது கண்

என் அப்பாவின் வலது கண்ணைப் பறித்தது சுரங்கம் இல்லை. பாதி ஆயுளைப் பூமிக்கடியில் கழித்துவிட்டு, இரண்டு கண்ணோடும் மேலே வந்தவர் அவர். அந்தக் கண் போனது ஏசி போட்ட ஓர் அறையில், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, வெளியே டிவி ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்கேன் சென்டரில். இதைக் கேட்பவர்கள் "ஐயோ, வயசானவர் பாவம்" என்கிறார்கள். வயசுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த "பாவம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் அவரும் அம்மாவும் நானும் இருக்கிறோம். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். காலை ரயிலில் போய் இருட்டின பிறகு திரும்பும் ஆயிரம் பேரில் ஒருத்தி. நைனா மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் டிரில் மிஷின் பிடித்தவர். மைன்ஸ் மூடிய பிறகும் அவர் சும்மா உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேத்தமங்களா ஏரி மீன் வாங்கப் போய்விடுவார். போன வருஷம் அப்படிப் போய்வந்து வாசலில் இறங்கும்போதுதான் தலை சுற்றி விழுந்தார். இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒரு தடவை. டாக்டர் பிரஷர் பார்த்தார், "எதுக்கும் மூளைக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துடுங்க" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் போகிற ஸ்கேன் சென்டர் பக்கத்து டவுனில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த இடம் ஓடுவதே எங்கள் ஆட்களால்தான். நாங்கள் போன அன்று காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மைன்ஸில் வேலை செய்த பெரியவர்கள். யார் எந்த ஷாஃப்ட், எந்தக் குழியில் இறங்கியவர் என்று நைனா ஐந்து நிமிஷத்தில் விசாரித்துவிட்டார். அவர் விசாரித்த அளவுக்குக்கூட அந்த சென்டர் யாரையும் விசாரிக்கவில்லை.

மிஷின் ஓட்டுகிற பையன் ஒரு காதில் இயர்போனோடு வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும்.

"தாத்தா, பாக்கெட்ல ஏதாவது இருக்கா? சாவி, காசு, மொபைல்?"

நைனா பீடிக்கட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். இடுப்பு பெல்ட், வெள்ளி அரைஞாண், மோதிரம், பல்செட்.

"ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா? ஹார்ட்ல பேஸ்மேக்கர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

"இங்க ஒரு கையெழுத்து."

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நான் படிக்கக் கை நீட்டுவதற்குள் அதை அவன் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டான். இந்தப் பெரியவர் ஆயுசு பூராவும் என்ன வேலை செய்தார் என்று கேட்கவில்லை. கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்று கேட்கவில்லை. கேட்க எத்தனை நேரம் ஆகும்? பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்று கேட்கிற நேரம்தான்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மிஷின் தட்டுகிற சத்தம், யாரோ தகரத்தை அடிக்கிற மாதிரி. நடுவில் ஒரு தடவை மனிதக் குரல் கேட்டது போல இருந்தது. எழுந்து நின்றேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "உள்ள போகக்கூடாது மேடம்" என்றாள். மறுபடியும் உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது நைனா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். முகம் பூரா வேர்வை.

"இன்னா நைனா, இன்னா ஆச்சு?"

"ஊசி வெச்சி குத்தினாப்ல கீதுமா. உள்ள போகசொல்லவே சுரீர்னு இழுத்துச்சு. கையில ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க, எதுனா ஆச்சுன்னா அழுத்துங்கன்னு. அழுத்தினேன். ஆடாதீங்க தாத்தா, ஆடினா மறுபடி மொதல்லேர்ந்து எடுக்கணும்னு சத்தம் மட்டும் வந்துச்சு. அப்பறம் நான் அழுத்தல."

பையனைப் பார்த்தேன். அவன் அடுத்த ஆளின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயம் மேடம். குழாய்க்குள்ள போனா வயசானவங்களுக்கு இப்படித்தான். கண்ணைக் கழுவிக்கச் சொல்லுங்க, சரியாயிடும்."

நைனாவுக்குப் பயமா! விளக்கு அணைந்து போன சுரங்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டே, ஆட்களை மேலே தூக்கும் கேஜ் வரைக்கும் நடந்து வந்த ஆள். அவருக்குக் குழாய் பயமாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணைப் பார்த்தாள். கருவிழிக்குப் பின்னால் கலங்கின மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் நைனா, "இந்தப் பக்கம் செகப்பு திரை போட்டாப்ல கீது" என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைப் பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். நைனாவைப் பார்த்து முதல் கேள்வியாகக் கேட்டது இதுதான்: "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்குழிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இரும்பு. கண்ணுக்குள்ளே நிறைய ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. எம்ஆர்ஐ மிஷினில் இருப்பது பெரிய காந்தம், ஸ்கேன் நடக்காதபோதும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும், கத்தரிக்கோலிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் வரைக்கும் இழுத்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் பல வருஷமாக அசையாமல் கிடந்த துகள் அந்தக் காந்தத்தின் இழுப்பில் நகர்ந்து, உள்ளே கிழித்திருக்கிறது.

"இரும்பு வேலை செஞ்சவங்களுக்கு முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். கட்டாயம் கேக்கவேண்டிய கேள்வி இது. யாரும் கேக்கலையா?"

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த அறையிலேயே கத்தியிருப்பேன்.

நைனாதான் மெதுவாகச் சொன்னார். "ஒரு தடவ டிரில்லோட ஸ்டீல் கம்பி பாறையில சிக்கிகிச்சும்மா. சம்மட்டியால போட்டு அடிச்சேன். என்னமோ வந்து சுருக்குன்னு கண்ணுல பட்டுச்சு. கல்லுத் தூளுன்னு நெனச்சிக்கினேன். தண்ணி போட்டுக் கழுவிட்டு, யார்கிட்டயும் சொல்லல. நாலு நாள் செவந்து இருந்துச்சு, அப்பறம் சரியா பூட்ச்சு. அப்ப இவ பொறக்கவே இல்ல."

துகளை எடுக்க ஆபரேஷன் செய்தார்கள். எடுத்தார்கள். பார்வையை மீட்க முடியவில்லை. வலது கண்ணில் இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. எந்த மூளையைப் படம் பிடிக்கப் போய் இதெல்லாம் ஆனதோ, அந்த மூளையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஊர் டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். தலைசுற்றல் நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் பெரிய பங்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நைனா மேல்தான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே பாட்டு பாடினார். "நாந்தான் மறந்துட்டேன். நான் சொல்லியிருந்தா அவங்க ஏன் உள்ள வுடப்போறாங்க? அந்தப் புள்ள மேல தப்பு இல்ல." கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்துகொண்டு, தன் கண்ணைக் கெடுத்தவர்களுக்கு அவரே வக்கீலாக இருந்தார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன். "காந்தம்னு உன்கிட்ட யாருனா சொன்னாங்களா? கண்ணுல இரும்பு இருந்தா பார்வ போவும்னு சொன்னாங்களா? தெரியாத விஷயத்த நீ எப்படி நைனா மறப்ப?"

அம்மா என்னை அடக்கப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி, "நல்லா கேளு" என்றாள்.

நான் அந்த சென்டருக்குப் போனேன். முதலாளி ஒரு டாக்டர். உட்காரச் சொன்னார், காபி வேண்டுமா என்று கேட்டார். பிறகு நைனா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உடம்புல உலோகம் இல்லைன்னு உங்கப்பா சைன் பண்ணியிருக்கார். நீங்க சொல்லாம எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்க கேக்காம எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எல்லாரையும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"உங்க வாசல்ல உக்காந்திருக்கவங்கள்ல பாதி பேரு மைன்ஸ்காரங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல சென்டர் வெச்சிருக்கீங்க. இங்க இருக்கவங்க ஆயுசு பூரா இரும்பாலதான் கல்லை ஒடைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். காபியைத் தொடவில்லை. புகார் கொடுக்க ஸ்கேன் படமும் தாளின் நகலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அலையவிட்டார்கள். மூன்றாவது தடவை போகக் கிளம்பியபோது நைனா, "நானும் வரேன்" என்றார்.

"நீ எதுக்கு? அங்க வந்தும் என் தப்புன்னு சொல்லவா?"

"வரேன்னு சொல்றேன் இல்ல?"

அன்றைக்கும் கூட்டம். நான் கவுன்ட்டரில் வாதாடிக்கொண்டிருந்தபோது நைனா பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் நைனா வயசுதான் இருக்கும். ஸ்கேனுக்கு முன்னால் மாற்றிக்கொள்ளும் நீல உடுப்பில் இருந்தார், கூட மருமகள்.

"நீங்க எந்த ஷாஃப்டுப்பா?" என்று நைனா கேட்டார்.

அந்தப் பெரியவர் ஷாஃப்ட் பெயரைச் சொன்னார். ஃபிட்டர் வேலை என்றார்.

"கண்ணுல எப்பனா இரும்புத் தூள் பட்டிருக்கா?"

"அது படாத ஃபிட்டர் யாரு?" என்று அவர் சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தன் வலது கண்ணைக் காட்டினார். அதுவரை வெளியாள் யாருக்கும் அவர் அதைக் காட்டியதில்லை. "என்னைப் பாரு. அதோ அந்த ரூமுக்குள்ளதான். எக்ஸ்ரே எடுத்துப் பாக்காம உள்ள போவாத."

மிஷின் பையன் வந்து அந்தப் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டான். பெரியவர் எழுந்திருக்கவில்லை. "மொதல்ல எக்ஸ்ரே" என்றார். அதற்கு டாக்டர் எழுதித்தரவில்லை, முறை போய்விடும் என்று பையன் சொன்னான். மருமகளும், "வாங்க மாமா, நேரமாவுது" என்று இழுத்தாள். நைனா எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றார். பேசும்போதுகூட அதிராத என் நைனா, அந்த ஹால் பூரா கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எடுக்காம இந்த ஆளு உள்ள போவ மாட்டான். போலீஸ கூப்புடு. யார வேணா கூப்புடு. நான் நவுர மாட்டேன்."

டிவியை யாரோ அணைத்தார்கள். முதலாளி டாக்டர் வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த இன்னும் இரண்டு பெரியவர்கள், "எங்களுக்கும் பட்டிருக்கு" என்று எழுந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்த ஃபிட்டருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தளத்தில் அவர்களிடமே அந்த மிஷின் இருந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கண்ணில் ஒன்றும் இல்லை.

முதலாளி டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கே காட்டினார். "பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்லை. வீணா எல்லாரையும் பயமுறுத்தி, ரகளை பண்ணி..."

நைனா அவர் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி அடங்கியிருந்தது.

"இல்லன்னு தெரிஞ்சிச்சு இல்ல சார்? எனக்கு அத யாரும் பாக்கல."

டாக்டர் உள்ளே போய்விட்டார். அன்றைக்கே எங்கள் தாளும் படமும் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு நைனா யாரிடமும் "நாந்தான் மறந்துட்டேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை தள்ளித் தள்ளிப் போகிறது. போன தடவை அவர்கள் தரப்பு வக்கீல், மனுதாரருக்கு ஏற்கெனவே வயோதிகத்தால் பார்வை குறைந்திருக்கலாமே என்று சொன்னார். பேத்தமங்களா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிய மனிதரைப் பற்றி. இப்போது அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகிறது; தூரம் பிடிபடுவதில்லை. வலது பக்கம் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறார். சமாதானமாகப் போய்விடலாம் என்று சென்டரிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அம்மா அந்த ஆளை வாசல்படி ஏறவிடவில்லை.

இப்போதெல்லாம் அந்த சென்டரில் கண்ணைப் பற்றிக் கேட்கிறார்களாம். எங்கள் லைனில் ஒரு அக்கா போய்வந்து சொன்னாள். எப்படிக் கேட்டார்கள் என்று விசாரித்தேன். "சாவி, மொபைல், பேஸ்மேக்கர், கண்ணுல இரும்புன்னு ஒரே மூச்சுல கேட்டான். எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

அதனால் நான் சொல்கிறேன். ரயிலில் பக்கத்து சீட்டில் யார் கையிலாவது ஸ்கேன் கவரைப் பார்த்தால் கேட்டுவிடுகிறேன், வீட்டில் யார் மைன்ஸ், யார் வெல்டிங், யார் லேத்து என்று. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். திரும்பிக்கொள்ளட்டும். வழியில் பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவேன்.